கேமராவும் நானே, எடிட்டரும் நானே என்றால் செய்தியை எப்போது எழுதுவது?

கேள்வி: சார், எனக்கு 45 வயது. அச்சுப் பத்திரிகையில் 21 வருடமாக நிருபர். இரண்டு வருடம் முன்பு வரை மாலையில் செய்தியை எழுதிக் கொடுத்துவிட்டால் என் வேலை முடிந்தது. இப்போது அதே செய்திக்கு இணையதளத்துக்கு உடனே நாலு வரி, ஃபேஸ்புக்கில் லைவ், யூடியூபுக்கு வீடியோ, இன்ஸ்டாகிராமுக்கு ரீல்ஸ், அப்புறம் அச்சுக்கு முழுச் செய்தி. போதாததற்கு, ஏஐ பழகச் சொல்லிப் போன வாரம் ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. கேமரா முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கூட வேலை பார்க்கும் 24 வயதுப் பெண் நான் ஒரு வீடியோ வெட்டி முடிப்பதற்குள் மூன்று போட்டுவிடுகிறார். வெட்கமாக இருக்கிறது. எல்லாவற்றையும் கற்றுக்கொண்டுதான் ஆக வேண்டுமா? ஆமென்றால் எதிலிருந்து ஆரம்பிப்பது? இல்லை, மரியாதையாக வேலையை விட்டுவிடலாமா? (பெயர் வேண்டாம்)

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

வேலையை விட வேண்டாம். எல்லாவற்றையும் கற்றுக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் கடிதத்தைப் படித்தபோது இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கிறீர்கள் என்று தோன்றியது, அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்ற கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் 28 வருடம் செய்தி அறையில் இருந்தவன். இப்போது நிருபர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் பிழைப்பு. பயிற்சிக்கு வருகிற மூத்த நிருபர்கள் முதல் நாள் காலையில் ஒரு புது நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆப் பெயர்களைக் கேட்பார்கள். வெட்டுவதற்கு எது, சப்டைட்டிலுக்கு எது, தம்ப்நெயிலுக்கு எது என்று மளிகைச் சாமான் பட்டியல் மாதிரி எழுதிக்கொள்வார்கள். அந்தப் பட்டியல் ஒரு வருடம்கூடத் தாங்காது. பழைய நோட்டை இப்போது எடுத்துப் பார்த்தால் பாதி ஆப் உயிரோடு இருக்காது. உங்கள் சிக்கல் ஆப்பில் இல்லை என்பது என் கணக்கு. வீடியோ வெட்ட உட்காருவதற்கு நாலு மணி நேரம் முன்னால், களத்தில் நின்றபோதே அது ஆரம்பித்துவிட்டது.

அச்சுக்கு மட்டும் எழுதிப் பழகிய நாம் களத்தில் காதைத்தான் நம்புவோம். கேட்டதைக் குறித்துக்கொள்வோம், கண்ணில் பட்டதை மனதில் போட்டுக்கொள்வோம், ஆபீசுக்கு வந்து எழுதும்போது அது தானாக வெளியே வரும். மனதில் போட்டுக்கொண்டதை வைத்து வீடியோ வெட்ட முடியாதே! கையில் இருப்பது ஆடிப்போன இரண்டு துண்டு, கூட்டச் சத்தத்தில் பாதி கேட்காத ஒரு பேட்டி. அதோடு மூன்று மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு 'எனக்கு எடிட்டிங் வரவில்லை' என்று நம்மையே திட்டிக்கொள்வோம். எடிட்டிங்கில் கெட்டிக்காரியான உங்கள் சக நிருபரிடம் அதே துண்டுகளைக் கொடுத்துப் பாருங்கள், அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு தீ விபத்தை எடுத்துக்கொள்வோம். நள்ளிரவுக்கு மேல் ஒரு கிடங்கில் தீ, நீங்கள் போய்ச் சேரும்போது அணைத்துக்கொண்டிருக்கிறார்கள். வழக்கமாக நேராக அதிகாரியைத் தேடிப் போவீர்கள். போங்கள், ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு நிமிடம். போனை எடுத்ததும் சட்டை நுனியால் லென்ஸைத் துடையுங்கள். சிரிக்காதீர்கள். பையில் கிடந்த போனின் லென்ஸில் விரல் ரேகை படிந்திருக்கும், இரவில் எடுத்தால் ஒவ்வொரு விளக்கும் பஞ்சு மிட்டாய் மாதிரி ஊதிப்போய் விழும். அப்புறம் இரண்டு கையாலும் போனைப் பிடித்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரே இடத்தைப் பத்து எண்ணி முடிக்கும்வரை அசையாமல் எடுங்கள். புதிதாக எடுக்கிறவர்கள் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி போனை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஆட்டுவார்கள், அதில் வெட்டி எடுக்க மூன்று விநாடி தேறாது. முழு இடமும் தெரிகிற மாதிரி ஒன்று, ஆட்கள் வேலை செய்வது ஒன்று, ரொம்பக் கிட்டத்தில் ஒன்று. குழாயைப் பிடித்திருக்கும் கை, உருகி வழிந்த ஷட்டர் பூட்டு, எது கண்ணை இழுக்கிறதோ அது. இப்படி ஐந்து ஷாட் எடுத்தால் மொத்தம் ஒரு நிமிடம்தான் ஆகும். நாற்பது விநாடி வீடியோவுக்கு இது தாராளம்.

படுக்கையாகப் பிடிப்பதா, நிமிர்த்திப் பிடிப்பதா என்று பெரிய விவாதமே நடக்கிறது. கிளம்பும்போதே டெஸ்க்கில், அதாவது செய்தியைத் திருத்தி வெளியிடுகிறவர்களிடம், 'முதலில் எங்கே போகப் போகிறது' என்று கேட்டுவிடுங்கள். ரீல்ஸ், ஷார்ட்ஸ் என்றால் நிமிர்த்தி, அதாவது 9:16. யூடியூபில் நீளமான செய்தி என்றால் படுக்கையாக, 16:9. இரண்டும் வேண்டும் என்றால் முக்கியமான இரண்டு ஷாட்டை மட்டும் இரண்டு விதமாகவும் எடுங்கள், போதும்.

ஒலிதான் ஆளைக் கவிழ்க்கும். படம் கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்கிற ஜனம், பேச்சு கேட்கவில்லை என்றால் அடுத்த விநாடியே தள்ளிவிட்டுப் போய்விடும். வீடியோவுக்கு மாறிய புதிதில் நான் ஒரு மூத்த அதிகாரியிடம் 40 நிமிடம் பேட்டி எடுத்தேன். பல மாதம் விரட்டிப் பிடித்த ஆள். அவர் சட்டையில் காலர் மைக்கைக் குத்தினேன், பச்சை விளக்கு எரிந்தது, ஏதோ பெரிய சேனல்காரன் மாதிரி உட்கார்ந்து கேள்வி கேட்டேன். ஆபீசுக்கு வந்து போட்டுப் பார்த்தால் மின்விசிறிச் சத்தம் மட்டும்! மைக்கின் ரிசீவரைப் போனில் செருகவே இல்லை, அது என் சட்டைப்பையில் இருந்தது. போன் தன் சொந்த மைக்கில், பத்தடி தள்ளி, தலைக்கு மேல் சுற்றிய விசிறியை விசுவாசமாகப் பதிவு செய்திருந்தது. அன்றைக்கு அச்சுச் செய்தியைக் காப்பாற்றியது மடியில் இருந்த நோட்டுதான். அதற்குப் பிறகு இன்றுவரை எந்தப் பேட்டியையும் 'உங்கள் பெயரையும் பொறுப்பையும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள்' என்று கேட்காமல் ஆரம்பித்ததில்லை. அவர் சொன்னதும் நிறுத்தி, இயர்போனைக் காதில் வைத்துக் கேட்டுவிடுவேன். ஒலி சரியா என்பதும் தெரியும், பெயர் எப்படி, இன்ஷியல் என்ன என்ற சந்தேகமும் தீரும்.

நோட்டை விடாதீர்கள். முன்பைவிட அதிகமாக எழுதுங்கள், ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்று. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, பொருள் கைக்கு வந்துவிட்டது. இனி எதை முதலில் கொடுப்பது? மூத்த நிருபர்கள் ஒரே செய்தியை ஐந்து தடவை எழுத வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறார்கள், அந்த நினைப்பே பாதித் தெம்பை உறிஞ்சிவிடுகிறது. இணையதளத்துக்கு முதலில் இரண்டே வரி: எங்கே, என்ன, யார் சொன்னது. உறுதியாகத் தெரிந்ததை மட்டும். ஒரு வாய்ஸ் மெசேஜாக டெஸ்க்குக்கு அனுப்பினால்கூடப் போதும். அடுத்து அந்த ஐந்து ஷாட்டையும் அனுப்பிவிடுங்கள், வெட்டுவதை நீங்களே செய்ய வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. முழுச் செய்தி கடைசியில், நிதானமாக, அச்சுக்கு எப்படி எழுதுவீர்களோ அப்படியே. அதில் கிடங்குக்கு உரிமம் இருந்ததா, போன வருடமும் இங்கே தீப்பிடித்ததா என்கிற விஷயம் வரும். அதை நாற்பது விநாடி வீடியோவில் திணிக்காதீர்கள். வீடியோவைப் பார்க்கிறவருக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால் போதும், ஏன் நடந்தது என்று தெரிய வேண்டியவர் படிக்க வருவார். எல்லாவற்றையும் எல்லா இடத்திலும் கொட்டுவதற்குப் பல தளச் செய்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது ஜெராக்ஸ் கடை வேலையாகத்தான் தெரிகிறது.

லைவ் பற்றி மட்டும் எனக்குக் கொஞ்சம் கடுமையான கருத்து உண்டு. கண் முன்னால் ஏதாவது நடந்துகொண்டிருந்தால்தான் லைவ். நடந்து முடிந்த இடத்தின் வாசலில் நின்றுகொண்டு 'இங்கேதான் நேயர்களே' என்று இருபது நிமிடம் ஓட்டுவதால் யாருக்கும் லாபம் இல்லை, உங்கள் போன் சார்ஜ்தான் இறங்கும். லைவில் எதையும் திரும்ப எடுக்க முடியாது. இறந்தவரின் முகம், அழுகிற குழந்தை, இன்னும் வீட்டுக்குத் தகவல் போகாத ஒரு பெயர், எல்லாம் ஒரு நொடியில் போய்விடும். 2008 மும்பை தாக்குதலின்போது பாதுகாப்புப் படையினரின் நடமாட்டத்தைத் தொலைக்காட்சிகள் நேரலையில் காட்டியதை, 2012 தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே கடுமையாகக் கண்டித்தது. அன்றைக்கு அதற்கு நேரலை அனுப்புகிற ஓபி வேனும் ஒரு முழுக் குழுவும் தேவைப்பட்டது, இன்றைக்கு உங்கள் கட்டைவிரல் போதும். டெஸ்க் 'லைவ் போடுங்கள்' என்று நச்சரித்தால் 'இப்போது காட்ட ஒன்றும் இல்லை, எடுத்து அனுப்புகிறேன்' என்று சொல்லுங்கள். 21 வருட அனுபவம் இருக்கிற ஆள் இதைச் சொன்னால் கேட்பார்கள்.

நாக்கு ஒட்டிக்கொள்வதற்கு ஒரு வழி, கேமரா முன்னால் நிற்காமலே இருப்பது. ஷாட்டுகளுக்கு மேல் வாய்ஸ் ஓவர் கொடுங்கள், உங்கள் முகம் தேவையே இல்லாத செய்திகள்தான் அதிகம். நின்றே ஆக வேண்டும் என்றால் செல்ஃபி கேமராவில் எடுக்காதீர்கள், நம் முகத்தை நாமே பார்த்துக்கொண்டு பேசினால் யாருக்கும் உளறத்தான் வரும். பின்பக்கக் கேமராவில் வேறு யாரையாவது எடுக்கச் சொல்லி, அவர் முகத்தைப் பார்த்து, டீக்கடையில் நண்பரிடம் சொல்வது மாதிரி மூன்றே வாக்கியம். மனப்பாடம் மட்டும் வேண்டாம்.

இதுவரை சொன்னது திறமை சம்பந்தப்பட்டது. உங்கள் கடிதத்தில் பாதி வேறு விஷயம், நீங்கள்தான் அதையும் 'எனக்குத் தெரியவில்லை' என்ற கணக்கில் எழுதிவைத்திருக்கிறீர்கள். ஐந்து பேர் வேலையை ஒருவர் பார்க்க முடியவில்லை என்றால் அது அறியாமை இல்லை, வேலைப் பளு. நம் தொழிலில் இது புதிதும் இல்லை. 1886இல் நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையில், எழுத்துகளை வரி வரியாக வார்த்துத் தருகிற லைனோடைப் இயந்திரம் வந்தபோது கையால் எழுத்துக் கோத்தவர்களின் பாடு திண்டாட்டமாயிற்று. அதே லைனோடைப்பை நியூயார்க் டைம்ஸ் 1978 ஜூலையில் நிறுத்திவிட்டுக் கணினிக்குப் போனது. அச்சுக்கோப்பவர் மறைந்தார், ஆனால் அவருடைய வேலை முழுவதும் மறைந்துவிடவில்லை, அதில் ஒரு பகுதி நிருபரின் விசைப்பலகைக்கு வந்தது. பக்கம் கட்டுகிறவர் குறைந்தபோது அது உதவி ஆசிரியர் தலையில் விழுந்தது. இப்போது புகைப்படக்காரர், வீடியோ எடிட்டர், ஒலிக்காரர் வேலை எல்லாம் நம் மடியில். கருவி சுலபமாகிவிட்டது என்பதால் வேலையே இல்லாமல் போய்விட்டது என்று நிர்வாகம் நினைக்கிறது, அதுதான் வில்லங்கம்.

அதனால் உங்கள் செய்தி ஆசிரியரிடம் 'என்னால் முடியவில்லை சார்' என்று போய் நிற்காதீர்கள். ஒரு வாரம் எந்தச் செய்திக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதிவையுங்கள். களத்தில் இவ்வளவு, வீடியோவுக்கு இவ்வளவு, எழுத இவ்வளவு. அதைக் காட்டி, 'ஐந்தில் எது முதலில், எதை விடலாம், நீங்களே சொல்லுங்கள்' என்று கேளுங்கள். பல ஆசிரியர்களுக்கு இந்தக் கணக்கு நிஜமாகவே தெரியாது. நான் ஆசிரியராக இருந்தபோது எனக்கும் தெரியாது, ஒரு மூத்த நிருபர் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்த பிறகுதான் ரீல்ஸ் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்தேன். என்ன ஆனது என்கிறீர்கள்? ஒன்றும் ஆகவில்லை, யாரும் ஏன் குறைந்தது என்று கேட்கக்கூட இல்லை.

எதைக் கற்பது என்று முடிவெடுக்கும்போது ஒன்றை மனதில் வையுங்கள். தளம் நம் வீடு இல்லை, வாடகை வீடு; வீட்டுக்காரர் எப்போது வேண்டுமானாலும் பூட்டை மாற்றுவார். வைன் என்று ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? 2013 ஜனவரியில் வந்தது, ஆறு விநாடி வீடியோ. அதில் செய்தி சொல்லப் பழகிய ஆட்கள் இருந்தார்கள், 2017 ஜனவரியில் அதை மூடிவிட்டார்கள். ஃபேஸ்புக் வீடியோவுக்குத்தான் எதிர்காலம் என்று எழுத்தாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வீடியோக் குழு வைத்த நிறுவனங்கள் உண்டு. சராசரியாக எவ்வளவு நேரம் வீடியோ பார்க்கிறார்கள் என்ற கணக்கை இரண்டு வருடமாகக் கூட்டிக் காட்டிவிட்டோம் என்று ஃபேஸ்புக்கே 2016 செப்டம்பரில் ஒப்புக்கொண்டது. மூன்று விநாடிக்குள் தள்ளிவிட்டுப் போனவர்களைக் கணக்கில் சேர்க்காமல் சராசரி போட்டிருந்தார்கள்! 2018 ஜனவரியில் செய்திப் பக்கங்களைவிட நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தார்கள், கனடாவில் 2023 ஆகஸ்டிலிருந்து செய்தி இணைப்புகளையே முடக்கிவிட்டார்கள். ஆகவே இன்ஸ்டாகிராமுக்கான தந்திரங்கள் என்று யாராவது வகுப்பு எடுத்தால் போகாதீர்கள். அசையாமல் ஷாட் எடுப்பது, தெளிவாக ஒலி பதிவது, முதல் வாக்கியத்திலேயே விஷயத்தைச் சொல்வது, இந்த மூன்றும் நாளைக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒன்று வந்தாலும் செல்லும்.

ஏஐ சுற்றறிக்கைக்கு வருவோம். இதில் பயப்படுகிறவர்களும் சாமி ஆடுகிறவர்களும் ஒரே அளவுக்கு என்னைச் சலிக்க வைக்கிறார்கள். அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் 2014லேயே நிறுவனங்களின் காலாண்டு லாபக் கணக்குச் செய்திகளைத் தானியங்கியாக எழுத ஆரம்பித்துவிட்டது. அது சரியாக ஓடியதற்குக் காரணம், உள்ளே போவது கட்டம் கட்டமாக இருக்கிற எண்கள், வெளியே வருவது அதே எண்கள் வாக்கியமாக. சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்தில் நடந்தது வேறு கதை. ஏஐ எழுதிய 77 கட்டுரைகளை வெளியிட்டிருந்தார்கள், 2023 ஜனவரியில் பிழைகள் வெளிச்சத்துக்கு வந்ததும் 41 கட்டுரைகளில் திருத்தம் போட வேண்டியிருந்தது. வட்டிக் கணக்கு உட்பட. சொந்தமாக விஷயத்தைத் தேடி எழுதச் சொன்னால் அது வழுவழுப்பாகப் பொய் சொல்லும், நாம் பார்த்த எந்த அரைகுறை உதவி ஆசிரியரைவிடவும் தன்னம்பிக்கையோடு.

அப்படியானால் எதற்கு வைத்துக்கொள்வது? நீளமான அறிக்கையில் ஒரு குறிப்பிட்ட விஷயம் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று தேட. பேட்டியை எழுத்தாக்க. சப்டைட்டிலின் முதல் வடிவுக்கு. தலைப்புக்குப் பத்து யோசனை கேட்க, பத்தும் சுமாராக இருக்கும், ஆனால் அதைப் பார்த்த எரிச்சலில் பதினொன்றாவது நமக்கே தோன்றும். இதிலும் ஒலியை எழுத்தாக்கும்போது முழு எச்சரிக்கை வேண்டும். ஒலியை எழுத்தாக்கப் பலரும் பயன்படுத்துகிற விஸ்பர் என்ற ஏஐ கருவி, பேசாத வாக்கியங்களையே தானாகச் சேர்த்துவிடுவதாக 2024 அக்டோபரில் அசோசியேட்டட் பிரஸ் எழுதியது. தமிழில் தொல்லை இன்னும் நுணுக்கமானது. ஒருவர் என்னிடம் 'நான் கையெழுத்துப் போடல' என்று பேச்சுவழக்கில் சொன்னதை ஒரு கருவி 'கையெழுத்துப் போடலாம்' என்று எழுதித் தந்தது. ஒரே ஒரு எழுத்துச் சத்தம், அர்த்தம் தலைகீழ்! அந்தப் பத்தியை ஒலியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் விட்டிருந்தால் நான் நீதிமன்றப் படி ஏறியிருப்பேன். மேற்கோள் குறிக்குள் போகிற ஒவ்வொரு வாக்கியத்தையும் காதால் ஒரு முறை கேளுங்கள், இதில் குறுக்குவழி கிடையாது.

இன்னொன்று, யாரோ உங்களை நம்பிக் கொடுத்த ஆவணத்தை இலவச சாட்பாட்டில் ஏற்றிச் சுருக்கம் கேட்காதீர்கள். அது எங்கே போய்த் தங்குகிறது என்று உங்களால் அவருக்குப் பதில் சொல்ல முடியாது. சுற்றறிக்கை அனுப்பியவரிடம் எழுத்தில் கேளுங்கள்: எதை ஏற்றலாம், எதை ஏற்றக்கூடாது, ஏஐ தொட்ட செய்தியை வெளியிடும் முன் பார்த்துக் கையெழுத்திடுவது யார், வாசகருக்குச் சொல்வோமா மாட்டோமா. பதில் வராது என்று நினைக்கிறேன். வராவிட்டாலும் நீங்கள் கேட்ட மின்னஞ்சல் இருக்கும்.

இப்போது உங்களிடம் ஏற்கனவே இருப்பதைப் பேசலாம். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் ஒரு விமானம் இறங்கியது. இறக்கை மேல் பயணிகள் நிற்கிற அந்தப் படத்தை முதலில் உலகுக்குக் காட்டியது எந்தப் பத்திரிகையும் இல்லை, படகில் போன ஒருவர் போனில் எடுத்து ட்விட்டரில் போட்டார். அன்றைக்கே முதல் படம் நம்முடையதாக இருக்கும் காலம் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது தீப்பிடித்த பத்தாவது நிமிடத்தில் வாட்ஸ்ஆப்பில் இருபது வீடியோ வந்துவிடும், அதில் நாலு வேறு நாட்டில் வேறு வருடம் நடந்ததாக இருக்கும், ஒன்று ஏஐ செய்ததாகவே இருக்கலாம். எது நிஜம் என்று சொல்லத்தான் ஆள் வேண்டும்.

கருவி உண்டு, பழகிக்கொள்ளுங்கள், ஒரு மதியம் போதும். கூகுள் லென்ஸ், டின்ஐ மாதிரி படத்தை வைத்தே படத்தைத் தேடுவது. வாட்ஸ்ஆப்பில் சாதாரணமாக வருகிற படத்தில் எப்போது, எங்கே எடுத்தது என்ற உள் விவரம் உதிர்ந்துபோயிருக்கும், அதனால் எடுத்தவரிடம் மூலக் கோப்பை டாகுமெண்டாகவோ மின்னஞ்சலிலோ அனுப்பச் சொல்வது. ஆனால் இந்தக் கருவிகள் எல்லாவற்றையும்விட நம்பகமானது நீங்கள் இத்தனை வருடமாகச் செய்துவருவதுதான்: ஆளுக்குப் போன் போடுவது. எங்கே நின்று எடுத்தீர்கள், வலது கைப் பக்கம் என்ன இருந்தது, இதற்கு முன்னால் எடுத்தது ஏதாவது இருக்கிறதா? நிஜமாக எடுத்தவரிடம் முன்னும் பின்னுமாக நாலு துண்டாவது இருக்கும், பயந்துபோய் விரலால் மறைத்தது ஒன்று, தரையை எடுத்தது ஒன்று. ஃபார்வர்டு செய்தவரிடம் அந்த ஒன்றுதான் இருக்கும். இந்தக் கேள்விகளை எந்தக் குரலில், எந்த வரிசையில் கேட்டால் எதிராளி போனை வைக்காமல் பதில் சொல்வார் என்று உங்களுக்குத் தெரியும். அந்த 24 வயதுப் பெண்ணுக்கு இன்னும் தெரியாது.

ரகசிய வெளிநாட்டு நிறுவனங்கள் பற்றி 2016 ஏப்ரலில் கசிந்து வெளிவந்த பனாமா ஆவணங்களையும் நினைத்துப் பாருங்கள். 1 கோடியே 15 லட்சம் ஆவணங்கள், 370க்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்கள். அவ்வளவையும் தேடக்கூடிய வடிவுக்குக் கொண்டுவந்தது தொழில்நுட்பக் குழு. ஆனால் தேடல் பெட்டி தயாரான பிறகு அதில் எந்தப் பெயரைத் தட்டுவது என்று தெரிய வேண்டுமே! தன் ஊர் அரசியல்வாதியின் மைத்துனர் பெயர் தெரிந்த நிருபருக்குத்தான் அது தெரியும்.

களத்தில் எழுதி வைக்கச் சொன்ன அந்த நேரக் குறிப்புக்கு வருகிறேன். சில வருடம் முன்பு நான் பொறுப்பில் இருந்த ஓர் இரவில் ஒரு பேருந்து விபத்து. முதல் தகவலை வைத்து 7 பேர் பலி என்று எல்லாத் தளத்திலும் போட்டோம். ஒரு மணி நேரத்தில் மருத்துவர் 4 என்றார், மூன்று பேர் சிகிச்சையில் இருந்தார்கள். இணையதளச் செய்தியைத் திருத்தினோம், அச்சில் சரியான எண்ணோடு போனது, நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் காலையில் எனக்கு வந்த முதல் அழைப்பு, அந்த மூன்று பேரில் ஒருவருடைய அண்ணனிடமிருந்து. ஷார்ட்ஸில் 7 அப்படியே கிடந்தது, ராத்திரி முழுக்க ஓடியிருக்கிறது, அவருடைய சொந்தக்காரர்கள் பூமாலையோடு கிளம்பிவிட்டார்கள். நான் அவரிடம் என்ன பேசினேன் என்று எழுத மனம் வரவில்லை.

அச்சுக் காலத்தில் பிழை ஒரே இடத்தில் இருக்கும், திருத்தமும் ஒரே இடத்தில் போகும். இப்போது ஒரு பிழைக்கு ஆறு வீடு. யூடியூபில் ஏற்றிய வீடியோவை எடுத்துவிட்டு அதே முகவரியில் வேறு கோப்பைப் போட முடியாது. தவறான பகுதியை வெட்டலாம், இல்லையென்றால் இறக்கிவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். ரீல்ஸை நீக்கினாலும் யாரோ டவுன்லோடு செய்தது சுற்றிக்கொண்டிருக்கும், அதனால் திருத்தத்தையும் தனிப் பதிவாகப் போட்டாக வேண்டும். அந்த விபத்துக்குப் பிறகு நாங்கள் ஒரு சாதாரண அட்டவணை வைத்தோம்: இந்தச் செய்தி எங்கெங்கே போனது, அதில் என்ன எண் இருக்கிறது, யார் சொன்ன எண், எத்தனை மணிக்கு. எண் மாறினால் அட்டவணையில் இருக்கிற எல்லா இடத்துக்கும் ஒருவர் போக வேண்டும், போய்விட்டு டிக் அடிக்க வேண்டும். பார்க்க அல்பமாகத் தெரியும். உங்கள் ஆபீசில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள், இல்லையென்றால் அதை ஆரம்பிக்க மிகப் பொருத்தமான ஆள் நீங்கள்தான். ஏஐ சுற்றறிக்கை அனுப்பியவருக்கு இது தோன்றியிருக்காது.

கடைசியாக அந்தப் பெண். அவரைப் பற்றி எழுதும்போது உங்கள் கை கொஞ்சம் நடுங்கியிருக்கிறது. அவரிடம் போய் நேராகக் கேளுங்கள், 'எனக்கு வெட்டுவது சொல்லித் தாம்மா, வாரத்துக்கு இரண்டு நாள், அரை அரை மணி நேரம்' என்று. செய்து காட்டச் சொல்லாதீர்கள், போன் உங்கள் கையில் இருக்கட்டும், அவர் வாயால் சொல்லட்டும், இல்லையென்றால் மூன்று மாதம் ஆனாலும் பார்த்துக்கொண்டேதான் இருப்பீர்கள். பதிலுக்கு அவர் எழுதுகிற காப்பியை நீங்கள் படித்துக் கொடுங்கள், அப்புறம் அடுத்த முறை காவல் நிலையத்துக்கோ நீதிமன்றத்துக்கோ போகும்போது கூட்டிக்கொண்டு போய் யார் யார் என்று அறிமுகப்படுத்திவையுங்கள். என் பயிற்சிக்கு வருகிற இளம் நிருபர்கள் மூத்தவர்களிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் வைத்திருக்கிற முதல் விஷயம் அதுதான், போன் நம்பர். முதல் நாள் போகும்போது இயர்போனை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், அவரிடம் இரவல் கேட்க வேண்டாம்.